இரும்புப் பித்தர்களின் நாட்டில்

மும்பையிலிருந்து தமிழ்நாட்டுக்கு ரயிலில் போய்வராத குடும்பம் நம் சங்கத்தில் ஒன்றுகூட இருக்காது. சென்னை மெயில், தாதர் எக்ஸ்பிரஸ், நாகர்கோவில் வண்டி என்று ஆளுக்கொரு வண்டியைச் சொந்தம் கொண்டாடுகிறோம். இந்த ஊருக்கு வந்த வருடம் மறந்துபோனாலும், வந்து இறங்கிய வண்டி மறப்பதில்லை. ஆனாலும் நமக்கு ரயில் என்பது ஊர் போய்ச் சேரும் வழி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. டிக்கெட் கிடைத்ததா, கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா, சோலாப்பூரில் தண்ணீர் பிடித்தாயிற்றா என்பதோடு நம் ரயில் சிந்தனை முடிந்துவிடும்.

போய்ச் சேர ஓர் ஊரே இல்லாமல், ரயிலில் ஏற வேண்டும் என்பதற்காகவே ரயில் ஏறுகிறவர்கள் உலகில் உண்டு. ஜப்பானில் அவர்களைத் ‘தெட்சு’ என்கிறார்கள். தெட்சு என்றால் இரும்பு. இரும்புப் பித்தர்கள் என்று நான் தமிழாக்கிக்கொண்டேன். 34 வருடம் தண்டவாளப் பராமரிப்பில், அதிலும் பெரும்பகுதி கர்ஜத்–லோனாவாலா மலைப்பாதையில், மழைக்காலம் தோறும் பாறை உருளாமல் காவல் காத்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கே இவர்களைப் பார்த்ததும் வியப்பாக இருந்தது. சம்பளம் வாங்காமல் ஒருவன் ரயிலை இப்படி நேசிப்பானா என்று!

2024 அக்டோபரில் நானும் என் மனைவியும் டோக்கியோவில் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து வாரம் தங்கினோம். அவர்கள் இருப்பது நிஷி கசாய் என்ற பகுதி. நம் நாட்டவர் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். பக்கத்து ஸ்டேஷனான கசாயில், பாலத்தின் அடியிலேயே சுரங்க ரயிலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. எட்டு வயதுப் பேரனுக்கு அதுதான் கோயில். அவன்தான் எனக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளன், பல நேரம் வாத்தியாரும்கூட.

முதலில் புல்லட் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயர் வெளியார் வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. போருக்கு முன்பே ஜப்பானியர் ‘துப்பாக்கிக் குண்டு வண்டி’ என்ற பொருளில் ஒரு திட்டம் போட்டு, சில சுரங்கங்களைத் தோண்டவும் தொடங்கியிருந்தார்கள். போரில் எல்லாம் நின்றுபோனது. பின்னால் வந்ததற்குப் பெயர் ஷின்கான்சென்; புதிய பிரதான பாதை என்று பொருள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. புதியது வண்டி மட்டுமல்ல, பாதை.

ஜப்பானின் பழைய ரயில் பாதை 1,067 மில்லிமீட்டர் அகலம் மட்டுமே. டோக்கியோ–ஒசாகா பாதை நாட்டின் மொத்தப் பாதையில் நூற்றில் மூன்று பங்குதான். ஆனால் பயணிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் அதில்தான் போனார்கள். 1955-ல் தேசிய ரயில்வேயின் தலைவராக வந்த சோகோ ஷிஞ்சிக்கு அப்போது வயது 71. எல்லோரும் ஓய்வெடுக்கும் வயதில் அவர் 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் முற்றிலும் தனியான ஒரு பாதை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். லெவல் கிராசிங் ஒன்றுகூட இருக்கக் கூடாது, சரக்கு வண்டியும் சாதாரண வண்டியும் அதில் கலக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ரயிலின் காலம் முடிந்தது, இனி விமானமும் காரும்தான் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. சீனப் பெருஞ்சுவர், பிரமிடு, யமாட்டோ போர்க்கப்பல் இவற்றின் வரிசையில் இன்னொரு வீண்வேலை என்று கேலி செய்தார்கள்.

சோகோ தனக்குத் துணையாக அழைத்துவந்தது ஷிமா ஹிதேயோ என்ற பொறியாளரை. 1951-ல் சகுராகிச்சோ ஸ்டேஷனில் ஒரு மின்சார வண்டி தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வேயை விட்டு விலகிப் போனவர் அவர். அவருடைய தந்தையும் ரயில்வே பொறியாளர்தான். அகலப் பாதைக்காகவும் அந்தக் குண்டு வண்டித் திட்டத்துக்காகவும் போராடி, அது நிறைவேறாமலே காலமானவர். தந்தை விட்ட வேலையை மகன் முடிக்க வந்தார் என்று சொல்லலாம்.

ஷிமாவின் முக்கியமான முடிவு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். கனத்த எஞ்சின் ஒன்று முன்னால் இழுக்க, பெட்டிகள் பின்னால் போவது அன்றைய உலக வழக்கம். அவர் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் மோட்டாரை வைத்தார். நம் மும்பை லோக்கல் வண்டியின் அதே வம்சம்தான்! இதனால் பாரம் ஓரிடத்தில் குவியாமல் வண்டி முழுவதும் பரவுகிறது. தண்டவாளம் அடி வாங்குவது குறைகிறது. வண்டியைப் புகழ்பவர்கள் மூக்கைப் பார்க்கிறார்கள். பாதைக்காரன் சக்கரத்தின் பாரத்தைத்தான் பார்ப்பான்.

இன்னொரு விஷயமும் என் மனதை விட்டு அகலவில்லை. இந்த ரயிலைச் சாத்தியமாக்கிய ஆராய்ச்சியாளர்களில் சிலர் போர் விமானம் கட்டியவர்கள். வேகம் கூடும்போது சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் இடதும் வலதுமாக அலையும். அந்த அலைச்சல்தான் வண்டியைக் கவிழ்க்கும். அதற்கு மருந்து கண்டுபிடித்த மட்சுதைரா ததாஷி, கடற்படையில் ஜீரோ போர்விமானத்தின் இறக்கை நடுக்கத்தை ஆராய்ந்தவர். வண்டியின் உருவத்தை வடித்த மிகி ததனாவோ, போரின் கடைசிக் கட்டத்தில் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு எதிரிக் கப்பலில் மோதிச் சிதறும் ‘ஓகா’ என்ற தற்கொலை விமானத்தை வடிவமைத்தவர். போர் முடிந்தபின், இனிமேல் ஆளைக் கொல்ல உதவாத ஒன்றைத்தான் செய்வேன் என்று ரயிலைத் தேர்ந்தெடுத்தார். இவர்கள் ரயில்வே ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் 1957 மே 30 அன்று டோக்கியோவில் ஒரு கூட்டம் போட்டு, ஒசாகாவுக்கு மூன்று மணி நேரத்தில் போக முடியும் என்று அறிவித்தார்கள். அதுதான் மக்கள் மனதில் முதல் விதை.

1961-ல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. பணம் போதவில்லை. முதலில் சொன்ன தொகை சுமார் 20,000 கோடி யென். கடைசியில் ஆனது 38,000 கோடி. உண்மைத் தொகையைச் சொன்னால் நாடாளுமன்றம் சம்மதிக்காது என்று தெரிந்தே சோகோ குறைத்துச் சொன்னார் என்பார்கள். 1963-ல் அவர் பதவி இழந்தார். ஷிமாவும் கூடவே வெளியேறினார். 1964 அக்டோபர் 1, காலை 6 மணிக்கு, ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது, முதல் ‘ஹிகாரி’ வண்டி டோக்கியோவிலிருந்து புறப்பட்டது. அதற்காக உழைத்தவர்களும் அல்லாதவர்களும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். வழியனுப்பும் விழாவுக்கு அந்த இருவருக்கும் அழைப்பில்லை. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

டோக்கியோ ஸ்டேஷனின் ஷின்கான்சென் பிளாட்பாரத்தின் தெற்குக் கோடியில் சோகோவின் முகம் பதித்த ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பேரன்தான் கூட்டிப்போய்க் காட்டினான். பெரும்பாலான பயணிகள் அதைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். கேமராவோடு நின்ற ஒரு நடுவயதுக்காரர் மட்டும் நான் அங்கே நிற்பதைப் பார்த்துத் தலை வணங்கினார். அவர் ஒரு தெட்சு.

வண்டியில் போன அனுபவத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964-ல் மணிக்கு 210 கிலோமீட்டர், ஒசாகாவுக்கு நான்கு மணி நேரம். இன்று ‘நொசோமி’ வண்டி 285 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் இரண்டரை மணியில் போய்விடுகிறது. நெருக்கடியான நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு திசையில் 12 நொசோமி வரை விடுகிறார்கள். நம் சர்ச்கேட் லோக்கல் மாதிரிதான். ஊழியர்களின் உள் அட்டவணை 15 விநாடிக் கணக்கில் போடப்படுகிறது. தேநீர் தளும்பவில்லை. என் மனைவி, “ஆட்டமே இல்லையே, தூக்கம் எப்படி வரும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

எனக்குப் பிடித்தது பகல் அல்ல, இரவு. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஷின்கான்சென் பாதையில் பயணிகள் வண்டி எதுவும் ஓடாது. அந்த ஆறு மணி நேரம் தண்டவாளத்துக்குச் சொந்தம். ஆட்கள் இறங்கி ஜல்லியைச் சரி செய்கிறார்கள், தண்டவாளத்தைத் தீட்டுகிறார்கள், மின்கம்பியை மாற்றுகிறார்கள். விடியும் முன் ஒரு சோதனை வண்டி பாதை முழுக்க ஓடி, மறந்து வைத்த ஸ்பானர் ஒன்றாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகும். பிறகுதான் முதல் வண்டி. வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காதை மேலே வைத்தபடி வேலை பார்த்த கேங்மேன்களோடு வாழ்ந்தவன் நான். ஒவ்வோர் இரவும் ஆறு மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும்.

1964 முதல் இன்றுவரை ஷின்கான்சென் மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. விபத்தே இல்லை என்று சொல்லக் கூடாது. 1995-ல் மிஷிமா ஸ்டேஷனில் கதவில் சிக்கி இழுபட்டு ஒரு மாணவர் இறந்தார். 2004 நிலநடுக்கத்தில் ஒரு வண்டி தடம் புரண்டது, யாருக்கும் காயமில்லை. 2011 மார்ச் 11 பேரழிவின்போது வடகிழக்குப் பாதையில் 27 வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. கடலோரத்தில் வைத்திருந்த கருவி முதல் அதிர்விலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிட, பயணிகள் இருந்த வண்டிகள் எல்லாம் தடம் புரளாமல் நின்றன.

இனி பித்தர்களுக்கு வருவோம்.

இவர்களில் ஏகப்பட்ட சாதிகள் உண்டு. ஏறிப் போவதிலேயே இன்பம் காண்பவன் நோரி-தெட்சு. படம் பிடிப்பவன் தோரி-தெட்சு. ஸ்டேஷன் அறிவிப்பு, மோட்டாரின் முனகல், வண்டி புறப்படும்போது ஒலிக்கும் இசை இவற்றை ஒலிப்பதிவு செய்பவன் ஓட்டோ-தெட்சு. ஸ்டேஷன்களில் வைத்திருக்கும் ரப்பர் முத்திரையை நோட்டில் குத்திச் சேர்ப்பவர்கள் ஒரு கூட்டம். இந்த முத்திரைப் பழக்கம் 1931-ல் ஃபுகுயி ஸ்டேஷனில் தொடங்கியது. ஒரு பாதையோ வண்டியோ நிறுத்தப்படும்போது கடைசி நாளில் மட்டும் வந்து குவிபவர்களுக்கு சோஷிகி-தெட்சு என்று பெயர். இழவு வீட்டுப் பித்தர்கள்! மற்ற தெட்சுகள் இவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்காதவன் சாவுக்கு மட்டும் வந்தால் நம் ஊரிலும் அப்படித்தானே பேசுவோம்.

டைம்டேபிள் படிப்பவர்கள் தனி இனம். ரயில் நேர அட்டவணை அங்கே 1925 முதல் மாதப் பத்திரிகை போல வந்துகொண்டிருக்கிறது, தலையணை கனம். கதைப் புத்தகம் போல உட்கார்ந்து படிக்கிறார்கள். மட்சுமோட்டோ செய்ச்சோ 1957-ல் தொடராக எழுதத் தொடங்கிய ‘புள்ளிகளும் கோடுகளும்’ என்ற துப்பறியும் நாவலே டைம்டேபிளை வைத்துத்தான். டோக்கியோ ஸ்டேஷனின் 13-ஆம் பிளாட்பாரத்தில் நின்றால், நடுவில் வண்டி எதுவும் மறைக்காமல் 15-ஆம் பிளாட்பாரம் தெரிவது நாளில் நான்கே நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில்தான் கதையின் முடிச்சு. மியாவாகி ஷுன்ஸோ என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே, விடுமுறை நாட்களில் தேசிய ரயில்வேயின் சுமார் 20,000 கிலோமீட்டர் பாதையையும் ஒன்றுவிடாமல் பயணம் செய்து முடித்தார். 1978-ல் அதைப் புத்தகமாக எழுதினார். அதற்குப் பிறகுதான் ரயில் பைத்தியம் என்பது வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமாயிற்று என்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் குலதெய்வம் என்று நான் உச்சிதா ஹ்யாக்கென் என்ற எழுத்தாளரைச் சொல்வேன். அகிரா குரோசாவாவின் கடைசிப் படமான ‘மாததாயோ’ இவரைப் பற்றியதுதான். இவர் 1950-ல் ஒரு காரியமும் இல்லாமல் ஒசாகாவுக்கு ரயிலேறி, அதைப் பற்றி எழுதினார். பிறகு அதுவே தொடராகிவிட்டது. காரியம் இருந்தால் பயணம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. 1952-ல் ரயில்வேயின் 80-ஆம் ஆண்டு விழாவில் இவரை ஒரு நாள் டோக்கியோ ஸ்டேஷன் மாஸ்டராக்கி, தொப்பி மாட்டி, ‘ஹாட்டோ’ எக்ஸ்பிரஸை வழியனுப்பச் சொன்னார்கள். வழியனுப்ப வேண்டிய ஸ்டேஷன் மாஸ்டர் அந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார்!

குழந்தைகளிடம் இந்தப் பித்து எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்தேன். சாதாரண வண்டிகளில் டிரைவர் அறைக்குப் பின்னால் கண்ணாடி இருக்கும். பேரன் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்கிறார். தனியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். கண் பார்த்தது, கை காட்டியது, வாய் சொன்னது, காது கேட்டது என்று நாலும் சேர்ந்தால் தவறு வராது என்பது கணக்கு. பேரன் பள்ளிக்குக் கிளம்பும்போது புத்தகப் பையைச் சுட்டி, தண்ணீர் பாட்டிலைச் சுட்டி, செருப்பைச் சுட்டி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறான். மகள் மூன்று வருடம் கத்தியும் வராத பழக்கம்.

அவனுக்கு ஓர் ஆசை மட்டும் நிறைவேறவில்லை. ‘டாக்டர் யெல்லோ’ என்று ஒரு மஞ்சள் நிற ஷின்கான்சென் இருந்தது. ஓடும்போதே தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பரிசோதிக்கும் வண்டி. எப்போது வரும் என்று வெளியிட மாட்டார்கள்; ஏறத்தாழப் பத்து நாளைக்கு ஒருமுறை. அதைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. அப்படிப்பட்ட இரண்டு வண்டிகளில் ஒன்று 2025 ஜனவரியோடு ஓய்வு பெறப்போவதாக அறிவித்திருந்ததால், நாங்கள் போனபோது பிளாட்பாரக் கோடிகளில் ஒரே கூட்டம். மூன்று சனிக்கிழமை நின்றோம். வரவில்லை. “பரவாயில்லை தாத்தா, அது வேறே எங்கேயோ தண்டவாளத்தைப் பார்த்துக்கிட்டிருக்கும்” என்றான். அந்த வண்டியின் முகப்புப் பெட்டி 2025 ஜூன் முதல் நகோயா ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தண்டவாளத்தைச் சோதிக்கும் வண்டிக்குக் குழந்தைகள் கையசைக்கும் நாடு அது என்பதை என் பழைய சகாக்களுக்குக் கடிதமாகவே எழுதினேன்.

எல்லாம் இனிப்பல்ல. 2010 பிப்ரவரியில் ஒசாகா அருகே கன்சாய் பாதையில் ஒரு சிறப்பு வண்டியைப் படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்கிய கூட்டத்தால் வண்டிகள் நின்று, ஆயிரக்கணக்கானோர் அவதிப்பட்டார்கள். படத்துக்கு மறைக்கிறது என்று அடுத்தவர் தோட்டத்து மரத்தை வெட்டிய பித்தர்களும் உண்டு. இது ரசனையல்ல, ரௌடித்தனம்.

அதைவிடக் கனமானது வேறொன்று. 2017 நவம்பரில் டோக்கியோ பக்கத்து ரயில் நிறுவனம் ஒன்று, வண்டி 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. உலகமே கைதட்டியது. நான் முழு மனதோடு கைதட்ட மாட்டேன். 2005 ஏப்ரல் 25 காலை, அமகசாகியில் ஒரு சாதாரண வண்டி, 70 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 116 கிலோமீட்டரில் போய்த் தடம் புரண்டு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. டிரைவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். டிரைவருக்கு வயது 23. முந்தைய ஸ்டேஷனில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றதால் ஒன்றரை நிமிடம் போலத் தாமதம். தாமதமானால் ‘மறுபயிற்சி’ என்ற பெயரில் நாள் கணக்கில் உட்காரவைத்து அவமானப்படுத்தும் வழக்கம் அங்கே இருந்தது. அந்தப் பயம் அவர் கவனத்தைத் தின்றுவிட்டது என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்த வளைவில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவியும் அன்று இல்லை. ஷின்கான்சென்னில் நேரம் தவறாததற்குக் காரணம், நேரம் தவறாமல் இருப்பதற்கான பாதையை முதலில் போட்டார்கள். அப்படிப்பட்ட பாதையைப் போடாமல் நேரத்தை மட்டும் ஒரு பையனின் தலையில் வைத்தால் என்ன ஆகும் என்பது அமகசாகி. தெட்சுகள் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

ஜப்பானில் நான் பார்த்த இடங்களில் மறக்க முடியாதது யோகோகாவா என்ற மலையடிவார ஸ்டேஷன். டோக்கியோவிலிருந்து தகசாகிக்கு ஷின்கான்சென்னில் போய், அங்கே சாதாரண வண்டிக்கு மாறினால் அரை மணி நேரம். கடைசி ஸ்டேஷன். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. யோகோகாவாவிலிருந்து கருயிசாவா வரை 11 கிலோமீட்டர் உசுயி கணவாய். ஏற்றம் 15-க்கு 1. நம் போர் காட் 37-க்கு 1 என்றால், இது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செங்குத்து. 1893-ல் பல்சக்கரம் வைத்து ஏற்றினார்கள். 1963-ல் புதுப் பாதை போட்டு, ஈ.எஃப்.63 என்ற எஞ்சின்களை இரண்டிரண்டாகப் பின்னால் கோத்துத் தள்ளினார்கள். இறங்கும்போது அவையே முன்னால் நின்று தாங்கின. கர்ஜத்தில் பாங்கர் எஞ்சின் கோக்கும்போது இறங்கி வடை வாங்காதவர் நம்மில் யார்? யோகோகாவாவிலும் அதே கதைதான். எஞ்சின் கோக்கும் சில நிமிடம் எல்லா வண்டியும் நின்றாக வேண்டும். ரயில் சாப்பாடு என்றால் ஜப்பானில் ஆறிய சோறுதான். ஸ்டேஷனில் விற்றுவந்த குடும்பத்தின் முதலாளி அம்மாள், என்னதான் வேண்டும் என்று பயணிகளையே கேட்டுக்கொண்டு நடந்தார். சூடாக வேண்டும் என்றார்கள். 1958-ல் கனமான மண்சட்டியில் சோறு, கோழி, காளான், மூங்கில் குருத்து, காடை முட்டை, ஒரு வாதுமைப் பழம் வைத்து மூடிச் சூட்டோடு கொடுத்தார். அது நாடெங்கும் பெயர் பெற்றது. வண்டி புறப்பட்டதும் விற்றவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று, வண்டி கண்ணை விட்டு மறையும்வரை குனிந்து வணங்குவார்களாம்.

1997 அக்டோபர் 1 அன்று நகானோ வரை ஷின்கான்சென் வந்தது; அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அங்கே குளிர்கால ஒலிம்பிக். முதல் நாள் இரவோடு, யோகோகாவா–கருயிசாவா பாதை மூடப்பட்டது. கடைசி வண்டியை வழியனுப்ப ஆயிரக்கணக்கில் பித்தர்கள் வந்தார்கள். கருயிசாவாவுக்கு அப்பால் இருந்த பழைய பாதை, ரயில்வேயின் கையிலிருந்து உள்ளூர்க் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. புது வேகப் பாதை வரும் இடங்களில் பழைய பாதையைக் கழற்றிவிடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. டோக்கியோக்காரருக்கு நேரம் மிச்சம். இடையில் உள்ள சிற்றூர்க்காரருக்கு டிக்கெட் விலை ஏற்றம்.

மாப்பிள்ளையும் பேரனும் நானும் அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மண்சட்டிச் சோறு சாப்பிட்டோம். (என் மனைவி ஐந்து வாரமும் வீட்டுத் தயிர்சாதத்தை விட்டு அசையவில்லை, ஜப்பானில் சைவர் பாடு தனிக் கட்டுரை.) நிற்க வேண்டிய வண்டி இல்லை, கோக்க வேண்டிய எஞ்சின் இல்லை, சட்டி மட்டும் இன்னும் சூடாக வருகிறது. காலிச் சட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் அதில்தான் தயிர் தோய்கிறது.

இதையெல்லாம் நான் விவரிப்பதற்குக் காரணம், அந்த ரயில் நம் வாசலுக்கே வந்துகொண்டிருக்கிறது. மும்பை–அகமதாபாத் பாதைக்கு 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நீளம் 508 கிலோமீட்டர்; டோக்கியோ–ஒசாகா 515. 12 ஸ்டேஷன்கள். செலவில் நூற்றுக்கு 81 பங்கு ஜப்பானின் கடன், வட்டி 0.1 சதவீதம், அடைக்க 50 வருடம். பாந்த்ரா–குர்லா வளாகத்தில் பூமிக்கடியில் தொடங்கி, தானே கழிமுகத்தின் அடியில் 7 கிலோமீட்டர் போகும். வேலை நடக்கும் இடத்தை நம் அன்பர்கள் பலர் தினமும் தாண்டித்தான் ஆபீஸ் போகிறார்கள். பால்கர் பக்கத்து விவசாயிகளும் ஆதிவாசிகளும் நிலம் கொடுக்கத் தயங்கியபோது, முன்னேற்றத்துக்குத் தடை என்று நம் வீடுகளிலேயே பேச்சு எழுந்தது எனக்குத் தெரியும். ஜப்பானிலும் பேசினார்கள். நகோயாவில் பாதை ஓரத்து மக்கள் சத்தத்தையும் அதிர்வையும் தாங்க முடியாமல் 1974-ல் வழக்குப் போட்டார்கள். 1986-ல்தான் சமரசம் ஆனது. அந்த வழக்குக்கும் அதையொட்டி வந்த சத்தக் கட்டுப்பாட்டுக்கும் பிறகுதான் வண்டிகள் அமைதியாகின. நகட்சு எய்ஜி என்ற பொறியாளர், பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர், மீன்கொத்தியின் அலகைப் பார்த்து 500 வரிசை வண்டியின் மூக்கையும், ஆந்தையின் இறகைப் பார்த்து மேலே மின்சாரம் எடுக்கும் கையையும் திருத்தியது சத்தத்தைக் குறைக்கத்தான். 1997-ல் அந்த வண்டி 300 கிலோமீட்டரில் ஓடியது. மீன்கொத்தியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வழக்குப் போட்டவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நான் புல்லட் ரயிலுக்கு எதிரியல்ல. ஓடும் நாளில் முதல் வண்டியில் டிக்கெட் கிடைத்தால் என் பென்ஷனில் ஒரு பங்கைக் கொடுத்து ஏறுவேன். ஆனால் ஜப்பானிடமிருந்து வேகத்தை வாங்குகிறவர்கள் அந்த ஆறு மணி நேர இரவையும் சேர்த்து வாங்குகிறார்களா, பழைய பாதையில் போய்சரிலும் டஹாணுவிலும் ஏறுகிறவனுக்கு அவன் வண்டி இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தண்டவாளக்காரன் புத்தி.

யோகோகாவாவில் இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. மூடிய ஷெட்டில் 1999-ல் ஒரு ரயில் பூங்கா திறந்தார்கள். பழைய பாதையில் கொஞ்ச தூரம் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதில் ஈ.எஃப்.63 எஞ்சினை நம்மைப் போன்ற சாதாரண ஆளே ஓட்டலாம்! சும்மா இல்லை, ஒரு நாள் முழுக்க வகுப்பு, பிறகு பரீட்சை. தேறினால்தான் கைப்பிடியைத் தொட விடுவார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்பதில் பேரனுக்குக் கோபம். மாப்பிள்ளை அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிரேக்கைப் பற்றிக் கேள்வி கேட்டு அவரைத் தயார் செய்வது பேரன்தான் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள்.